மகாராணியின் மூக்கு

ரோமாபுரி மகாராணி ஒருத்தியின் மேல் எனக்குச் சில வருஷங்கள் பைத்தியம் இருந்தது. ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. காரைக்கால் மேரியில் பிறப்பு இறப்பு எழுதும் குமாஸ்தா நான். நகராட்சியை எங்கள் ஊரில் மேரி என்றுதான் சொல்வோம். மெலிந்த உடம்பு, யாரோ தடித்தவருக்குத் தைத்து அவர் வாங்க வராமல் போன மாதிரி ஒரு கால்சட்டை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோது ஊரே தெருவில் நின்றது. நான் உள்ளே உட்கார்ந்து ஒரு செம்புக்காசை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றதாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

காசைக் கொடுத்தவர் எங்கள் தெருவிலிருந்த ஒரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட மூத்தவர். அவர் தம்பிமார்கள் அண்ணன் முறைக்கு ‘நானா’ என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மார்செய் போகிற கப்பலில் அவருக்குச் சமையற்கட்டு வேலை. வழியில் எகிப்துக் கரையில் கப்பல் நிற்கும்போது, பழம் சாமான் விற்கிறவர்கள் படகில் வந்து சூழ்ந்துகொள்வார்களாம்.

“அசலான்னு கேட்டேன் தம்பி. அவன் வாப்பா மேல சத்தியம் பண்றான். அவன் வாப்பா என்னைக்கு மவுத்தானாரோ, யாரு கண்டா? உங்களுக்குத்தான் பழசுன்னா புடிக்குமே, வச்சுக்குங்க.”

“பழசு புடிக்கும்னு நான் எப்ப நானா சொன்னேன்?”

“சொல்லணுமா? உங்க சைக்கிளைப் பார்க்கிறேனே.”

உள்ளங்கையில் பாதியை அடைக்கிற பெரிய காசு. ஒரு பக்கம் தேய்ந்து ஒன்றும் தெரியாது. மறுபக்கம் பக்கவாட்டில் ஒரு பெண்முகம். பிடரியில் கொண்டை, எடுப்பான மூக்கு, சிறிய மோவாய். முகம் முழுக்கக் கரும்பச்சையாகக் களிம்பு. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரெஞ்சு கற்பித்த துரையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றியிருந்த கிரேக்க எழுத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் பெண்டாட்டி. ஆனால் ரோமில் அடித்த காசு அல்ல, அவர்கள் ஆண்ட எகிப்து மாகாணத்தில் அடித்தது என்றார். அவள் பெயரையும் சொன்னார். என் வாயில் அது நுழையவில்லை. “ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தேய்த்துவிடாதே. அந்தப் பச்சைதான் அவளுடைய தோல்” என்றார்.

இவ்வளவோடு போயிருந்தால் அது ஒரு காசு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிக் கோட்டுச்சேரிக்குப் போனேன். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டு வந்து காசை வாங்கினாள். ஏதாவது நையாண்டி செய்வாள் என்று காத்திருந்தேன். காசை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

“அம்மாடா” என்றாள்.

நான் தவழ்கிற வயதில் அம்மா போய்விட்டாள். படம் கிடையாது. படம் எடுக்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காத காலம். மேரியின் இறப்புப் புத்தகத்தில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது. நானே எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு எழுத்தில், பாதி தப்பாக. பெயருக்கு மூக்கு உண்டா, கண் உண்டா? அம்மா எப்படியிருப்பாள் என்று சின்ன வயதில் யாரைக் கேட்டாலும் ‘லட்சணமா இருப்பா’ என்பார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைத்தெருவில் லட்சணமாக எந்த அம்மாள் போனாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக ஒருமுறை உதையும் வாங்கினேன்.

“இந்த மூக்கு... இந்த மோவாய்... நல்லாப் பாருடா” என்றாள் அக்கா. பார்த்தேன். அன்றைக்கெல்லாம் பார்த்தேன். காசை அக்காவிடமே விட்டுவிட்டு, கை வெறுமையாக, ஆனால் பெரிய மனிதனைப் போல ஊர் திரும்பினேன். எனக்கும் ஒரு அம்மா இருந்தாள், அவளுக்கு ஒரு மூக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது.

பைத்தியம் அங்கே தொடங்கியது. ஒரு முகம் போதவில்லை. களிம்பு கொஞ்சம் குறைவாக, கண் இன்னும் தெளிவாக, வாய் தெரிகிற மாதிரி ஒன்று கிடைத்தால் அம்மாவை இன்னும் நன்றாகப் பார்க்கலாமே! கப்பல் ஏறும்போதெல்லாம் நானாவிடம் சொல்லியனுப்பினேன். “பொம்பளை காசு மட்டும் நானா, அதே பொம்பளை.”

“எகிப்துக்காரன் என்னை என்னன்னு நினைப்பான் தம்பி?” என்பார். ஆனாலும் கொண்டுவருவார்.

தொல்லை என்னவென்றால், ஒரே மகாராணிக்குக் காசுக்குக் காசு வேறு மூக்கு. அச்சு வெட்டியவர்கள் அவளை நேரில் பார்த்திருக்கமாட்டார்கள் என்று துரை சொன்னார். என்னைப் போலத்தான் அவர்களும் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் கோட்டுச்சேரிக்கு எடுத்துப் போவேன். வாசலிலேயே அத்தான் பிடித்துக்கொள்வார். “வாங்க மாப்ளே, இந்த வாரம் எந்த மகாராணியக் கூட்டியாந்திருக்கீங்க? சோறு வடிக்கச் சொல்லவா?”

அக்கா கறாரானவள். “ம்ஹும், இது நம்ம சுரக்குடிச் சித்தி.” “இதா? அத்தானோட அம்மாடா, உள்ள எடுத்துட்டுப் போ, பார்த்துடப் போறாரு.” இப்படியே தள்ளித் தள்ளி, எங்கள் உறவுக்காரப் பெண்கள் பாதிப் பேர் என் தகரப் பெட்டியில் மகாராணிகளாகச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும் அந்த ஒரு காசில்தான் இருந்தாள். அக்கா அதைச் சாமி மாடத்தில், ஒரு வெற்றிலையின் மேல் வைத்திருந்தாள். நான் போனதும் முதலில் அங்கேதான் போய் நிற்பேன்.

தையில் அம்மாவுக்குப் படையல் போடுகிற நாள் வந்தது. மேரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். கூடத்தில் தலைவாழை இலை, புதுச்சேலை, வடை, பாயசம். எப்போதும் வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிடுவோம். அந்த வருஷம் மணையின் மேல், மஞ்சள் தடவிய தட்டில், காசு இருந்தது.

செக்கச்செவேலென்று இருந்தது. நேற்று வார்த்த கரண்டி மாதிரி மின்னியது.

“ஏண்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“என்னக்கா பண்ணுன?”

“புளி போட்டுத் தேய்ச்சேன். எத்தனை வருசத்துக் களிம்போ, போவேனாங்குது. அப்புறம் சாம்பல் போட்டேன். படையல்ல அம்மாவ அழுக்கு மூஞ்சியோடவாடா உட்கார வைக்கிறது?”

கிட்டப் போய்ப் பார்த்தேன். பச்சை போனதோடு மூக்கின் நுனியும் போயிருந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு சொட்டை. மோவாய் கழுத்தோடு கரைந்துவிட்டது. கொண்டை மட்டும் ஜம்மென்று இருந்தது. துரை சொன்னதை அக்காவிடம் சொல்லாதது நான்தான். சொல்லியிருந்தாலும் அவள் தேய்த்திருப்பாள். அம்மாவுக்கு முகம் கழுவிவிடாதே என்று ஒரு மகளிடம் யார் சொல்ல முடியும்? எனக்கு வழக்கமாக வருகிற கேலி ஒன்றும் வரவில்லை.

படையல் போட்டுக் கும்பிட்டோம். அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனார். அக்கா காசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்குறேன், சிரிக்காமச் சொல்லு. இப்பவும் அம்மாதானே?”

“அம்மாவைப் பார்த்தது நீ. என்னைக் கேட்டா?”

“எனக்கு எங்கடா ஞாபகம் இருக்கு?” என்றாள். “ஊர்ப்பட்ட வேலை, ஊர்ப்பட்ட முகம். எப்பவோ அழிஞ்சு போச்சு. நீ இதைக் கொண்டாந்தப்ப, அட, இப்படித்தான் இருந்திருப்பான்னு பொசுக்குனு தோணுச்சு. அதுக்கப்புறம் எனக்கும் இந்தக் காசுதாண்டா அம்மா. இதப் பார்த்துத்தான் ஞாபகம் வச்சிருந்தேன்.”

நானா அடுத்த நடை போகும்போது சொல்லியனுப்புகிறேன், எகிப்தில் இன்னும் ஆயிரம் கிடக்கும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கேட்டாளா என்று தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மோவாயைப் பிடித்துச் சன்னல் பக்கம் திருப்பினாள். கையில் இன்னும் புளி வாசனை.

“என்னக்கா?”

“பேசாம இரு. மூக்கைப் பார்க்கிறேன்.”

“கொண்டை வேணாமா?”

“வாயை மூடுடா. மூக்கு அசையுது.”

மூடினேன். சன்னலுக்கு வெளியே அத்தான் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அக்கா கையை எடுக்கவில்லை. அவள் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. திரும்பினால் அவள் பார்த்துக்கொண்டிருப்பது கலைந்துவிடும். வைக்கோலையே பார்த்தபடி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன்.