ஆரோக்கியம்மாளும் தண்ணீருக்கு அஞ்சிய ரோசாலியும்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி. அந்தப் பக்கம் ஆரோக்கியம்மாள், இந்தப் பக்கம் நான். பதினைந்து வருஷத்தில் நாங்கள் இருவரும் பேசாமல் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷமாவது தேறும். பாதிச் சண்டை அவளுடைய கோழிகள் என் கீரைப்பாத்தியைக் கிளறியதால் வந்தது. மீதிச் சண்டை, நான் அதை வாய்விட்டுச் சொன்னதால் வந்தது.

மொரப்பூருக்கு மேற்கே இரண்டு மைலில் எங்கள் ஊர். அவள் வீட்டுக்காரர் ஞானராஜ் ரயில்வேயில் கேங்மேன். நாளெல்லாம் தண்டவாளத்தோடு பழகியதாலோ என்னவோ, வீட்டில் வாய் திறக்க மாட்டார். திறந்தாலும் அவள் பேச்சுக்கு நடுவில் புகுந்து பேச இடம் கிடைக்காது. ஆரோக்கியம்மாள் தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. ஒருமுறை திங்கட்கிழமையை, அந்தோணியாருக்கு உரிய செவ்வாய்க்கிழமை என்று நினைத்து, மெழுகுவத்தியோடு அவர் கோயிலுக்குப் போய்விட்டாள். கோயில் பூட்டிக் கிடந்தது, அதைத் திறந்து ஜெபம் நடத்தும் உபதேசியார் இல்லை. "உபதேசியாருக்குக் கெழம மறந்துபோச்சு, பாவம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் உபதேசியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரே மகள் லூர்து மேரியைத் தொப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது 1969இல். வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று சொல்லி, காரிமங்கலம் சந்தையில் ஆறு வாத்து முட்டை வாங்கி வந்தாள். வாத்தை நம்பி அடை வைக்க முடியாது, பாதியில் எழுந்து போய்விடும். அதனால் எங்கள் பக்கம் வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில்தான் வைப்பார்கள். அவளுடைய கருப்புக் கோழி, வழக்கத்தைவிட ஒரு வாரம் கூடுதலாக உட்கார்ந்து ஆறையும் பொரித்தது.

குஞ்சுகள் கொஞ்சம் கால் ஊன்றியதும் அவற்றில் ஐந்து நேராகப் போய் வாய்க்காலில் இறங்கின. கோழி கரையில் நின்று ஊரைக் கூட்டியது. தன் பிள்ளைகள் செத்தே போய்விட்டன என்று அது நினைத்திருக்க வேண்டும். ஆறாவது குஞ்சு மட்டும் தாய் போட்ட சத்தத்தில் பயந்து, திரும்பி ஓடி வந்து, அதன் இறக்கைக்குள் நுழைந்துகொண்டது. அதற்குத்தான் ஆரோக்கியம்மாள் ரோசாலி என்று பெயர் வைத்தாள்.

"புனிதையோட பேர வாத்துக்கு வெக்கலாமா?" என்று உபதேசியார் கேட்டார்.

"உங்க வூட்டு நாய்க்கு டைகர்னு வெச்சிருக்கீங்களே, அது புலிங்களா?" என்று அவள் கேட்டாள்.

ரோசாலி கோழியாகவே வளர்ந்தது. குப்பையைக் கிளறும். வெயிலில் மண்ணைக் குடைந்து படுத்துக்கொள்ளும். மழை வந்தால் எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும். கொட்டாங்கச்சியில் வைத்த தண்ணீரைக்கூட ஒரு முழம் தள்ளி நின்று கழுத்தை நீட்டித்தான் குடிக்கும். ஆரோக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "பயமாடி? பயப்படாதடி, நான் இருக்கறன்" என்பாள். அந்தக் குரல் இந்த வேலியின் முள்ளுக்கே புதிதாக இருக்கும். லூர்து மேரி கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, "எங்க ஆத்தா ரோசாலிய விசாரிக்கிறதுல பாதி என்னை விசாரிச்சாப் போதும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

1972 தை மாதம், அறுப்பு முடிந்ததும், ஆந்திராப் பக்கத்திலிருந்து வாத்து மேய்ப்பவர்கள் வந்தார்கள். அறுத்த வயலில் மேயவிட்டு, ஏரியில் நீந்தவிட்டு, நாலு நாளில் அடுத்த ஊருக்கு ஓட்டிப்போவது அவர்கள் வழக்கம். அன்று மத்தியானம் எங்கள் சந்து வழியாக எண்ணூறு வாத்துகள் வரிசையாகப் போயின. ஆரோக்கியம்மாளின் ஐந்து வாத்தும் வாய்க்காலில் இருந்தன. ரோசாலி மட்டும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. வரிசையின் கடைசியில் ஒரு நொண்டி வாத்து போயிற்று. அதன் பின்னாலேயே இதுவும் போயிற்று.

நான் கீரை ஆய்ந்துகொண்டே அதைப் பார்த்தேன். சிரித்தேன்கூட. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடும் என்று நினைத்தேன். அதுவும் போக, அது நாங்கள் பேசாதிருந்த சமயம்.

சாயங்காலம் ஐந்து வாத்தும் வீடு திரும்பின. வீட்டை விட்டே போகாத ரோசாலியைக் காணோம். பத்து நிமிஷத்தில் வேலிக்கு மேல் ஆரோக்கியம்மாளின் தலை தெரிந்தது. "ஏ ராணி, எங் கொழந்தையப் பாத்தியா?" என்று கேட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பார்த்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினாள்.

ஏரிக்கரையில் வாத்துகளை வலை கட்டி அடைத்திருந்தார்கள். மேய்ப்பவர் பெயர் முனெய்யா, தெலுங்கு கலந்த தமிழ் பேசும் சாது. "உங்க வாத்து கலந்திருந்தா எடுத்துக்கோ அம்மா. அடையாளம் ஏமி?" என்று கேட்டார்.

"அடையாளம் எதுக்குங்க? நான் கூப்பிட்டா எங் கொரலுக்கு வரும்" என்ற ஆரோக்கியம்மாள், "பாபாபாபா, ரோசாலி" என்றாள்.

எண்ணூறு வாத்தும் வந்தன.

அத்தனையும் ஒரே பழுப்பு, ஒரே மூக்கு. அதற்குள் ஊரில் பாதிப் பேர் கரைக்கு வந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் ஆரோக்கியம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வலைக்குள் இறங்கி, முன்னால் நின்ற ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நல்லாப் பாருக்கா" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "கோடி அற்புதர் அந்தோணியார் மேல சத்தியம். இது என் ரோசாலி இல்லேன்னா எந் நாக்கு அழுவிப்போவட்டும்."

வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டாள். வாத்து ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டிக்குள் தாவி இறங்கி, தலையை முக்கி, குண்டியைத் தூக்கி, சாவகாசமாகக் குளிக்க ஆரம்பித்தது. கருப்புக் கோழி தொட்டி விளிம்பில் ஏறி நின்று அதைக் கொத்து கொத்தென்று கொத்தியது.

"வளத்தவளுக்குத் தெரியுது பாரு" என்றார் ஞானராஜ். அந்த மாதத்தில் அவர் பேசியது அநேகமாக அது ஒன்றுதான்.

ஆரோக்கியம்மாள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி நாக்கை நீட்டினாள். "பாரு, எதாச்சும் இருக்குதா?"

"இப்பத்திக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

விஷயம் எனக்கும் அவளுக்கும் புரிந்துவிட்டது. விடிந்தால் முனெய்யா கம்பைநல்லூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ரோசாலி வேண்டுமென்றால், ஊரறியச் செய்த சத்தியம் பொய் என்று அவளே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் குளிக்கும் வாத்தோடு காலம் தள்ள வேண்டும். "விடுக்கா, இதுவும் வாத்துதானே" என்றேன். அவள் பார்த்த பார்வையில் இன்னொரு மூன்று மாதம் பேசாமல் இருப்பாள் என்று நினைத்தேன்.

ஆனால் விடியும்போதே வேலிக்கு மேல் தலை தெரிந்தது. "ஏ ராணி, ஒரு யோசன. ஏரியில எறக்கி விடச் சொல்லுவோம். எல்லாம் எறங்கும். எது கரையிலயே நிக்குதோ அதான் நம்மளுது."

இதை நான் யோசித்திருந்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்திருக்கும்.

குளிக்கும் வாத்தைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு போனோம். முனெய்யாவிடம் கூடையைக் கொடுத்து, "தப்பா எடுத்துட்டேங்க" என்றாள் ஆரோக்கியம்மாள். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க நான் பதினைந்து வருஷம் காத்திருந்தேன். கேட்டபோது சந்தோஷமாகவே இல்லை. முனெய்யா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வலையை அவிழ்த்தார்.

பழுப்பாக ஒரு கும்பல் சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. கரையில் ஒன்றே ஒன்று நின்றது.

"பாத்தியா" என்றாள் அவள். என் கையில் அவள் நகம் பதிந்துவிட்டது.

ரோசாலி ஒரு முழம் தள்ளி நின்று தண்ணீரை நோக்கிக் கழுத்தை நீட்டியது. நொண்டி வாத்து ஓரத்திலேயே மிதந்துகொண்டு அதைப் பார்த்துக் கத்தியது. ரோசாலி ஒரு காலை வைத்தது, எடுத்தது, உதறியது. மறுபடியும் வைத்தது.

"கூப்பிடுக்கா" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ரோசாலி தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. தான் மூழ்காததைப் பார்த்து அதுவே திகைத்துப்போய், இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தலையை முக்கி எடுத்தது. முதுகெல்லாம் தண்ணீர் ஓடியது. இறக்கையை அடித்துக்கொண்டு அது போட்ட சத்தத்தை இரண்டு வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. நொண்டி வாத்தின் பின்னால் நேராக ஏரி நடுவுக்குப் போயிற்று.

"இப்பக் கூப்பிட்டாலும் வந்துடும்க்கா."

"வரும். எனக்குத் தெரியாதா?" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "வந்துட்டு மறுபடியும் கோழி மாதிரி குப்பையக் கெளறிக்கிட்டு நிக்கும். அது பயப்படறது அழகா இருக்குதுன்னு நான் ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறன், ராணி."

முனெய்யா கோலோடு வந்தார். "ஏதம்மா உங்க வாத்து? காட்டுங்க, புடிச்சுத் தர்றேன்."

ஆரோக்கியம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏரி நடுவில், நொண்டி வாத்துக்குப் பக்கத்தில், ரோசாலி இன்னும் தலையை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் அது நன்றாகத் தெரிந்தது.

"தெரியலீங்க" என்றாள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க."

நானும் வாயைத் திறக்கவில்லை.