நன்னாரிக் கையும் கருவாட்டுத் தண்ணீரும்

நன்னாரி வேரை உரித்த கையிலிருந்து அதன் வாசனை லேசில் போகாது. சோப்புப் போட்டாலும் போகாது, சாம்பல் வைத்துத் தேய்த்தாலும் போகாது, வெயில் ஏற ஏற விரலிடுக்கிலிருந்து இன்னும் இனிப்பாகக் கிளம்பும். சர்பத் கடைக்குப் போகிறவர்களுக்கு அது நாவூறும் வாசனை, எங்கள் வீட்டிலோ அது ஆளைக் காட்டிக்கொடுக்கும் வாசனை. அதனால் அம்மா என்ன செய்வாள் தெரியுமா? பள்ளிக்கூடம் கிளம்பும் முன் என்னையும் அண்ணனையும் பிடித்து உட்காரவைத்து, கருவாடு கழுவிய தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, அதில் கையை முக்கி எடுக்கச் சொல்வாள். நன்னாரி போய்விடும். மிச்சமுள்ள நாற்றத்தோடு நான் வகுப்பில் போய் உட்காருவேன், பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சு ஓரத்துக்கு நகர்ந்துவிடுவாள். நாறுகிற பிள்ளை என்று பெயர் வாங்கினால் பரவாயில்லை, மலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் பெயர் வாங்கக் கூடாது. இது அம்மாவின் நியாயம். அந்த நியாயத்தின் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம்தான்.

நாங்கள் இருளர். திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது எங்கள் காலனியைப் பார்த்திருக்க மாட்டார்கள், அது சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேர், கிழங்கு, தேன் என்று மலை கொடுத்ததை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. ஆனால் அது காப்புக்காடு, அதில் ஒரு வேரைக் கிள்ளினாலும் கேஸ் என்று ரோந்து வருகிற வனத்துறை "வாட்சர்" சொல்லிவிட்டுப் போவார். அதனால் என் நைனா விடிவதற்குள் போய் விடிவதற்குள் வந்துவிடுவார். டவுனில் நாட்டு மருந்துக் கடைக்காரர் பின்வாசல் வழியாக வேரை வாங்கிக்கொள்வார். எங்கே கிடைத்தது என்று அவரும் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம்.

பேச்சு வந்த நாளிலிருந்தே எங்களுக்கு ஒரு பாடம் நடந்தது. "யாரு கேட்டாலும் மலைக்குப் போறதில்லனு சொல்லு. மறுபடி கேட்டா எனக்குத் தெரியாதுனு சொல்லு" என்பாள் அம்மா. கணக்கெடுக்க வந்தவர், சொட்டு மருந்து கொடுக்க வந்தவர், பௌர்ணமிக்கு வந்து பொட்டலச் சோறு கொடுத்தவர், எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஒருமுறை கேமராவோடு வந்த ஒருவர், மலை பின்னால் தெரிகிற மாதிரி எங்களை நிற்கச் சொன்னார். காலனியில் ஒருவர்கூட நிற்கவில்லை. மலையோடு சேர்ந்து எடுத்த போட்டோ நாளைக்குச் சாட்சியாகிவிடும் என்று என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், எச்சரித்துவிட்டார். காலனிக்கு அவர்தான் தலைவர். கடைசியில் கரண்ட் கம்பத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் விறைப்பாக நின்றோம், பாவம், அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் எடுத்துக்கொண்டு போனார்.

இவ்வளவு ஒளிவுமறைவுக்கு நடுவிலும் மலையை யாரும் இஷ்டத்துக்குச் சுரண்டிவிட முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே வேர் எடுக்க ஒரு "சரிவு" உண்டு என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். கொடி நிற்கிற தாய்வேரை விட்டுவிட்டுப் பக்கவேரை மட்டும் எடுக்க வேண்டும், குழியில் மண்ணைத் தள்ளி மூட வேண்டும், மழை வந்து கொடி துளிர்க்கும்வரை அந்த இடத்தில் மறுபடி கை வைக்கக் கூடாது. மீறினால் மாமா அந்தச் சரிவைப் பிடுங்கி வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். மாசி பிறந்ததும் அவரவர் சரிவில் காய்ந்த புல்லையும் சருகையும் ஒதுக்கி வழி விடுவது அவரவர் வேலை, அப்போதுதான் கீழே யாராவது போட்டுவிட்டுப் போகிற பீடித் துண்டு மலையைத் தின்னாமல் இருக்கும். அப்படியும் தீ பிடித்தால் முதலில் ஓடுகிறவர்கள் எங்கள் ஆட்கள், பச்சைத் தழையால் அடித்து அணைத்துவிட்டு முதலில் ஓடி வருகிறவர்களும் அவர்கள்தான். தீப்பிடித்த இடத்தில் இருளனைப் பார்த்தால், அணைக்க வந்தான் என்று யார் நினைப்பார்கள்?

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அப்படித்தான் ஒரு தீ. நைனா திரும்பி வந்தபோது வலது முன்கை முழுக்கக் கொப்புளம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏன், எப்படி என்று கேட்பார்கள் என்று போகவே இல்லை. கஞ்சி கொட்டிவிட்டது என்று அம்மா அக்கம்பக்கம் எல்லாம் சொல்லி வைத்தாள், நானும் பள்ளியில் அதையே சொன்னேன்.

புண் ஆறுவதற்குள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். காட்டை நம்பி இருக்கிறவர்களுக்குக் காட்டின் மேல் உரிமை கொடுக்கச் சட்டம் வந்துவிட்டது, வேர் எடுக்கலாம், தேன் எடுக்கலாம், காட்டைக் காக்கிற அதிகாரமும் உங்கள் கிராம சபைக்கே உண்டு என்று நிதானமாக விளக்கினார். எங்கள் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. இதுவரை எதை ஒத்துக்கொண்டால் கேஸோ, அதையே ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, இதில் என்ன சூது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எந்தெந்த இடத்துல என்ன எடுக்குறீங்க, எப்படிப் பாத்துக்குறீங்கனு நீங்களே சொல்லணும். சொன்னாத்தான் அது உங்க உரிமைனு எழுத முடியும்" என்றார் அந்த அம்மா.

மாமா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "மலையா? நாங்க எதுக்கும்மா அங்க போறோம்? சாமி மலை. கீழருந்தே கும்புட்டுக்குவோம்."

கூட்டமே தலையாட்டியது. அதிகாரி அம்மா விடவில்லை. நைனாவின் கையைப் பார்த்துவிட்டு, தீயை நீங்கள்தான் அணைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன், பயப்படாமல் சொல்லுங்கள், அதைவிடப் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். நைனா வாயைத் திறப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டாள்.

"கஞ்சி கொட்டிடுச்சுங்க."

அந்த அம்மா நோட்டை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் காலனியில் ஒரே கொண்டாட்டம். நல்லா பொறி வெச்சாங்க, நம்மகிட்ட நடக்குமா என்று மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நைனா மட்டும் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒருவேளை நிஜமாகவே கொடுக்கத்தான் வந்திருப்பார்களோ என்று மெல்லக் கேட்டார். அவரைக் கேலி செய்தே வாயடைத்துவிட்டார்கள்.

நிஜமாகவேதான் வந்திருந்தார்கள். வேறு மலை ஊர்களில் ஆம் என்று சொன்னவர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்தார்கள் என்ற சேதி சந்தை வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் மலையைப் பயன்படுத்தவில்லை என்று நாங்களே சொன்ன பிறகு கொல்லைக்குப் பின்னால் வனத்துறை கம்பி வேலி போட்டதில் யாரைக் குறை சொல்வது? எங்கள் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் சூளைக்குப் போனார்கள். சருகு ஒதுக்க ஆளில்லை. அதற்குப் பிறகு தீ பிடித்தால் நைனா வாசலில் நின்று பார்ப்பார், அது மேலே ஏறி முடிகிறவரை வீட்டுக்குள் வர மாட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மாமாவும் போய்விட்டார்.

இப்போது நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். மறுபடி மனு போடலாம், பெரியவர்கள் யாராவது சாட்சி சொன்னால் பரிசீலிப்பார்கள் என்று தெரிந்ததும் நானே எல்லாம் ஏற்பாடு செய்தேன். அம்மாவை வழிக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. போன மாதம் காலனிக்கு ஒரு இளம் அதிகாரி வந்தார், பேச்சைப் பதிவு செய்ய போனை அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஆந்தக்கல்லு எங்க அண்ணன் சரிவு. தேன்பொடவு இன்னார் சரிவு. கொம்பேறிப் பள்ளம். ரெட்டச்சொனை நம்முளுது.

எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. பதிவாகிறதே, இது யார் யார் கைக்குப் போகுமோ? "போதும்மா" என்று என்னையறியாமல் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"சும்மா இருடி. சொல்லச் சொன்னவளே நீதான்" என்று அம்மா கையை உதறிவிட்டு, மலையைச் சுற்றி வருகிற வரிசையில் ஒவ்வொரு சரிவாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பெயர்களை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எங்கள் கை வேரை உரித்ததே தவிர, வேர் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "தெரிஞ்சா அடிச்சுக் கேட்டா சொல்லிடுவீங்களே" என்றாள்.

நன்னாரி இப்போது பாட்டிலில் எசென்ஸாக வருகிறது, என் மகள் அதைத்தான் நன்னாரி வாசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சரிவு பார்த்த குடும்பங்களில் பாதி எந்தச் சூளையில் இருக்கின்றன என்றே தெரியவில்லை. அண்ணனும் அவர்களில் ஒருவன்.

அதிகாரி எழுதி முடித்துவிட்டு, பெயர் மட்டும் போதாது, குழு ஆய்வுக்கு வரும்போது ஒவ்வொரு இடத்தையும் உங்கள் ஆட்களில் யாராவது நேரில் நின்று காட்ட வேண்டும், காட்டினால் இந்த முறை கிடைத்துவிடும் என்றார். அம்மாவுக்கு முட்டி தேய்ந்து வாசல்படி இறங்கவே ஆள் வேண்டும். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வந்து காட்டுங்களேன் மேடம். ரெட்டச்சொனை எந்தப் பக்கம்?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறைக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்.