நடுவில நிப்பாட்டலாமோ?

"வேண்டாமெண்டா இப்ப சொல்லுங்கோ," என்கிறாள் சிவாஜினி. கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி துணியின் விளிம்பில் நிற்கிறது. எதிரே கதிரையில் இருப்பவர் தலையை ஆட்டுகிறார். அது அவளுக்குக் காணாது. "வாயால சொல்லுங்கோ." அவர் வாய் திறந்து வெட்டச் சொன்ன பிறகுதான் ஒரு வெட்டு விழும், அதுவும் நகத்தளவு. உடனே நிறுத்திவிட்டு மறுபடியும் அவர் முகத்தைப் பார்ப்பாள். பக்கத்தில் இருந்து பார்க்கிற எனக்குப் பொறுமை போய்விடும். ஒரு சேட்டுத் துணியை வெட்ட இவ்வளவு சடங்கா என்று கேட்டும் இருக்கிறேன். "துணி திரும்ப ஒட்டாது ரீச்சர்," என்றாள், என்னைப் பாராமலே.

உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கை திரும்புகிற முடக்கில் இருக்கிற வீடு அவளுடையது. ஒட்டுப் போர்வை செய்வது தொழில். பழைய சேலை, ஆண்கள் கட்டிக் கழித்த சாரம், தையற்கடைக் கழிவு எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத்தில் அறுகோணத் துண்டுகளாக வெட்டுவது அவள். அவற்றைச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குவது நகரில் இருக்கும் றம்லா. இந்தக் கரையோரத்து விடுதிகளின் கட்டில்களில் விரித்துக் கிடப்பவற்றில் பாதி இவர்களுடைய வேலைதான். அதில்தான் இருவருக்கும் சோறு.

இன்னொரு வேலையும் உண்டு. செத்தவரின் உடுப்பை எரிப்பார்கள், இல்லையென்றால் யாருக்காவது கொடுப்பார்கள். இரண்டுக்கும் மனம் வராதவர்கள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து சிவாஜினியின் படலையைத் திறப்பார்கள். அவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கதிரை. சேலையையும் சாரத்தையும் வானொலியைப் போட்டுக்கொண்டு மளமளவென்று வெட்டித் தள்ளுகிறவள், அந்தப் பையைக் கண்டால் வானொலியை நிறுத்திவிடுவாள். துணியைத் தோய்க்கமாட்டாள், சூடு வைத்து மினுக்கமாட்டாள். பொத்தான்களைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றி முதலிலேயே கொடுத்துவிடுவாள். கழுத்துப்பட்டியில் கைவைக்க அவளுக்கு விருப்பமில்லை. "அதிலதான் அந்த ஆள் கனநாளைக்கு இருக்கும்," என்பாள். கொண்டுவந்தவரில் சிலர் அந்த நகத்தளவு வெட்டோடு எழும்பி, பையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவதுண்டு. சிவாஜினி அதற்கு முகம் சுளித்து நான் கண்டதில்லை. படலையடி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வருவாள்.

துணிமேல் வைத்து அளவு பார்க்கிற அச்சு வெட்டுவதற்குக் கடதாசி மட்டை பாவிக்கமாட்டாள். ஆஸ்பத்திரியில் எடுக்கிற எலும்புப் படம்தான் அவளுக்குத் தோது. மடங்காது, கிழியாது, துணியின் கோடு ஊடாகத் தெரியும். ஒழுங்கையில் யாருக்குக் கை கால் முறிந்தாலும் சுகம் விசாரிக்கப் போய்ப் படத்தோடு திரும்புவாள். போன வருடம் அவளிடம் புதிதாக ஓர் அச்சு இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பெருவிரலின் எலும்பு, அடிமூட்டில் கரடுமுரடாகத் தேய்ந்துபோய்க் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன். "என்ரதான்," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கத்தரிக்கோல் பிடித்தே போன விரல் அது. இப்படியே வெட்டிக்கொண்டிருந்தால் பேனைகூடப் பிடிக்க ஏலாமல் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவள் எங்களிடம் கொஞ்சம் வீக்கம் என்றுதான் சொன்னாள். ஆனால் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்குகிறவளிடம் பொய்க்கு என்ன இடம்? தலை பின்னவும் அயல்வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். விடுதிகளில் இருந்து போர்வை கேட்டுக்கொண்டிருந்தார்கள், வெட்டின துண்டுகள் வராமல் றம்லாவின் தையல் மெசின் சும்மா கிடந்தது. கடைசியில் றம்லாதான் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, துணி வெட்டுகிற மெசின் ஒன்று இருக்கிறது அக்கா, வாங்கோ போய்ப் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு போனாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாத நானும் கூடப் போனேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தையற் சாமான் கடை. கடைக்காரன் சுகிர்தன் நல்ல வாய்க்காரன். கூர்த்தகடுகள் அறுகோண வடிவில் பதித்த ஒரு பலகை, அதன்மேல் துணி ஐந்தாறு மடிப்பு, அதற்குமேல் ஒரு பிளாஸ்ரிக் தட்டு. மூன்றையும் சேர்த்து இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டால் மறுபக்கம் வெட்டிய துண்டுகளாக வந்து விழும். ஒரு மெசின் கைபிடியைச் சுற்றுகிற மாதிரி. மற்றது கறண்டில் ஓடுவது, பொத்தானைத் தொட்டால் போதும். சுகிர்தன் புதுத் துணியை வைத்துக் காட்டினான். ஒரு நூல் பிசகவில்லை.

சிவாஜினி தன் பையிலிருந்து ஒரு பழைய சாரத்தை எடுத்து நீட்டினாள். அது கோணல்மாணலாக விழுந்தது. சுகிர்தனின் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டும். அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தோய்த்துத் தோய்த்துக் களைச்ச துணி இப்படித்தான் இழுபடும் என்று சொல்லி, நெசவு நூல் உருளைக்கு நேராகப் போகும்படி திருப்பி வைத்தாள். சரியாக வந்தது. கடற்காற்றுக்குக் கூர் கறள் பிடிக்காதோ, கறண்ட் போனால் என்ன செய்கிறது, பலகை தேய்ந்தால் வேறு கிடைக்குமோ என்று நாங்கள் கேட்டதெல்லாம் சில்லறைக் கேள்விகள். அவள் கேட்டது ஒன்றேதான்.

"இது நடுவில நிப்பாட்டலாமோ?"

நிற்பாட்ட ஒரு பொத்தான் இருக்கிறது என்று சுகிர்தன் காட்டினான். பிறகு, "ஆனா ஏன் அக்கா நிப்பாட்டுறது? மூச்சு விடுறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றான். அவள் கைபிடி மெசினுக்கு முன்னால் போய் நின்று, பாதி சுற்றினாள், நிறுத்தினாள். மறுபடி சுற்றினாள், நிறுத்தினாள். மூன்றாம்முறை பெருவிரல் அடியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். றம்லாவுக்குப் பத்திக்கொண்டு வந்துவிட்டது. கை போகுதென்று மெசின் வாங்க வந்துவிட்டு, கையை முறிக்கிற மெசினை வாங்குவதா, உங்களுக்கு விசரா அக்கா என்று கடைக்குள்ளேயே ஏசினாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கறண்டு மெசினைக் கொண்டுபோய்ப் பாவித்துப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று சுகிர்தனும் ஒப்புக்கொண்டான். அதுதான் வீட்டுக்கு வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல மெசின். ஒரு சேலை தேநீர் ஆறுவதற்குள் அறுகோணங்களாகிவிடும். விடுதிகளுக்குப் போர்வை போகத் தொடங்கியது. சிவாஜினியின் விரல் வீக்கம் வற்றியது. ஒருநாள் காலையில் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு வந்து என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

தவமலர் வந்தது அதற்குப் பிறகுதான். சாம்பல்தீவுக்காரி. மகன் சிந்துஜன் படகில் போய்த் திரும்பாதவன். படகு கிடைத்தது, கூடப் போனவன் கிடைத்தான், சிந்துஜன் கிடைக்கவில்லை. வருடம் திரும்புகிறது, இனியாவது கிரியை செய்ய வேண்டும், உடல் இல்லாதபடியால் அவன் உடுத்த உடுப்பை வைத்து எரிப்போம் என்று அவளுடைய தமையன் பிடிவாதமாக நின்றாராம். வீட்டில் எஞ்சியிருந்தது ஒரேயொரு நீலச் சேட்டு. எரிக்கக் கொடுக்கப் பயந்து, போர்வையாக்கிவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அதைச் சேலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

அன்று நானும் இருந்தேன், துண்டு எடுத்துப்போக றம்லாவும் வந்திருந்தாள். சிவாஜினி வானொலியை நிறுத்தினாள். பொத்தான்களைக் கழற்றிக் கொடுத்தாள். கழுத்துப்பட்டியையும் கைகளையும் பிரித்து அப்புறம் வைத்தாள். முதுகையும் முன்பக்கங்களையும் மடித்துப் பலகையில் வைத்துத் தட்டை மூடினாள். வழக்கம்போலக் கேட்டாள். தவமலர் வெட்டச் சொன்னாள். சிவாஜினி பொத்தானைத் தொட்டாள்.

"நில்லு தங்கச்சி," என்றாள் தவமலர்.

சத்தம் போடவில்லை. மெசின் இரைச்சலுக்குள் அது கேட்டதே பெரிய காரியம். சிவாஜினியின் கை நிற்பாட்டுகிற பொத்தானுக்குப் பாய்ந்தது. அந்த விரல் மடங்கி, அழுத்தி முடிக்கும்போது பலகை மறுபக்கம் வந்துவிட்டது. தட்டை யார் தூக்குவது என்று ஒருவரும் அசையவில்லை. பிறகு தவமலரே தூக்கினாள். நீல அறுகோணங்கள் அடுக்காக இருந்தன, ஒரு நூல் பிசகில்லாமல்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். பிறகு எங்களுக்கு விளக்கம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "இல்லை, யோசிச்சனான். அவன் வந்தா மாத்திறதுக்கு ஒண்டு வேணுமெல்லோ."

றம்லா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். சிவாஜினி மட்டும் குனிந்து, பலகையின் இடுக்குகளில் கிடந்த நீலக் கழிவையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் திரும்பத் தைச்சுத் தாறன் மலரக்கா," என்றாள். துணி திரும்ப ஒட்டாது என்று சொல்லித் திரிந்தவளும் அவள்தானே.

அதை றம்லாவின் மெசினுக்கும் விடவில்லை. கையால் தைத்தாள். ஊசி பிடிக்கிற விரலும் அந்த விரல்தான். நாங்கள் சொல்லிக் கேட்கிற நிலையில் அவள் இல்லை. கோடுகள் பொருந்த ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்தில் வைத்து, ஊசியைக் கவனமாக ஏற்றி இறக்கினாள். ஆனால் ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத்திலும் ஒரு கரையைத் தின்னும். துண்டுகளுக்கு நடுவில் போன கழிவும் போனதுதான். முடித்துத் தூக்கிப் பிடித்தபோது கழுத்துப்பட்டியும் கைகளும் வளர்ந்த ஆளுக்கு உரியவையாக இருந்தன, உடம்பு மட்டும் பத்து வயதுப் பிள்ளையின் அளவுக்குத்தான் காணும். தவமலர் வந்து வாங்கிப் பார்த்தாள். குறை சொல்லவில்லை. நல்லாத் தைச்சிருக்கிறாய் என்று சொல்லி, மடித்து, மடியில் செருகிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு சிவாஜினி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அடுத்த நாளே கறண்டு மெசின் சுகிர்தனின் கடைக்குத் திரும்பிப் போனது. கைபிடி மெசின் வந்தது. டொக்டர் ஏசினார், றம்லா சில நாள் கதைக்காமல் இருந்தாள். நானும் என் பங்குக்கு, விடுதிப் போர்வைக்காவது கறண்டு மெசினை வைத்திருக்கலாமே, சேட்டுகளை மட்டும் கையால் வெட்டு என்று சொல்லிப் பார்த்தேன். "அது பக்கத்தில இருந்தா, கை நோகிற நாளில அதைத்தான் தொடுவன் ரீச்சர்," என்றாள். தானே தலை பின்னுவதும் போய்விட்டது. இப்போது கொண்டையும் அயல்வீட்டுக்காரி போட்டுவிடுவதுதான்.

அந்தக் கைபிடி மெசினில் அவள் வேலை செய்கிற முறை சுகிர்தன் காட்டிக் கொடுத்தது இல்லை. நீளப் பலகையாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள். பையோடு வருகிறவர்களின் துணியைப் பலகையின் பின்பாதியில் மட்டும்தான் வைப்பாள். முன்பாதி வெறுமையாக இருக்கும். கைபிடியைச் சுற்றத் தொடங்கினால் உருளை உறுமும், பலகை உள்ளே போகும், ஆனால் கூர் எதையும் கடிக்காது. கதிரையில் இருக்கிறவர் அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும், பலகை போவதைக் கண்ணால் காணட்டும் என்று அவ்வளவு தூரமும் சுற்றி, துணி தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவாள். கைபிடியை அந்த இடத்தில் விட்டால் அது பின்னுக்கு உருளும். ஆகவே பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அவளுக்கு ஆக நோகிற பிடி அதுதான்.

போன கிழமை தவமலர் மறுபடி வந்தாள். கிரியை முடிந்துவிட்டதாம், வேறு ஏதோ துணியை வைத்துத் தமையன் சமாளித்தாராம். மடியிலிருந்து அந்த நீலச் சேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் விரித்துப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு, "அவன் வந்தாலும் இதுக்குள்ள நுழையமாட்டான் தங்கச்சி. வெட்டு," என்றாள்.

சிவாஜினி வானொலியை நிறுத்தினாள். கழுத்துப்பட்டியையும் கைகளையும் மட்டும் பிரித்து வைத்துவிட்டு, தான் தைத்த உடம்பைப் பிரிக்காமல் அப்படியே மடித்துப் பின்பாதியில் வைத்தாள். தட்டை மூடினாள். கேட்டாள். தவமலர் வாயால் சொன்னாள். கைபிடி சுற்றியது, உருளை உறுமியது, வெறும் பலகை உள்ளே போனது. துணிக்குச் சற்று முன்னால் அவள் நிறுத்தினாள்.

தவமலரின் கண் பலகையின் பின்பாதியில் இருந்தது. வெளியே மீன்காரன் மோட்டார் சைக்கிளில் கூவிக்கொண்டு போனான், பிறகு அந்தச் சத்தமும் போய்விட்டது. சிவாஜினியின் பெருவிரல் நடுங்கத் தொடங்கி, நடுக்கம் மணிக்கட்டுக்கு ஏறியது. நான் எழும்பிக் கைபிடியைப் பிடிக்கப் போனேன். அவள் மற்றக் கையால் என்னைத் தள்ளிவிட்டு, அந்தக் கையையும் கொண்டுவந்து நடுங்குகிற மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தவமலரின் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.