ஏப்பம் சேகரிக்கும் ஸ்டெஃபி

"அண்ணே, கோச்சுக்காதீங்க. இன்னொரு தபா விடுங்க. நடுவுல சர்வர் டம்ளர வெச்சுட்டாரு."

பக்கத்து மேசைக்காரர் விழிக்கிறார். ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பிரியாணிக் கடையில் ஒரு முழு பிளேட்டை முடித்துவிட்டு நிம்மதியாக ஏப்பம் விட்டவர் அவர். மூக்குக்கு நேராக ஒரு பெண் கைபேசியை நீட்டுவாள் என்று எந்த மனிதர் எதிர்பார்ப்பார்? ஆனாலும் ஸ்டெஃபி கேட்கிற விதத்தில் மறுக்க முடியாத ஒரு மரியாதை இருக்கிறது. மனிதர் சுற்றுமுற்றும் பார்க்கிறார், ஒரு மடக்கு சோடா குடிக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு விடுகிறார். இரண்டாவது, முதலாவதைவிட நீளம். "சூப்பர்ண்ணே" என்று கைகூப்பிவிட்டுத் தன் இலைக்குத் திரும்புகிறாள் ஸ்டெஃபி.

இப்படி இருநூற்றுச் சொச்சம் சத்தங்கள் அவள் கைபேசியில் இருக்கின்றன. ஏப்பம், குறட்டை, விக்கல், தும்மல், அப்புறம் பத்திரிகையில் பெயர் சொல்லி எழுத முடியாத ஒரு வகை. கடைசி வகையில் மட்டும் முப்பத்தொன்று. எல்லாமே அசல் மனிதர்கள் விட்டவை. "கம்ப்யூட்டர்ல ரெடிமேடா கெடைக்கிதுங்க. ஆனா அதுல உசுரு இல்ல. நம்ம ஊரு ஆளு விட்டா அதுல ஒரு காரம் கீது" என்பாள். இத்தனையும் அடங்கிய பெட்டிக்குக் கைபேசியில் 'ஜெபக் கூட்டப் பதிவுகள்' என்று பெயர் வைத்திருக்கிறாள். இதுவரை உறவுக்காரர் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை.

முப்பத்தாறு வயது. காதில் சின்னத் தோடு, கழுத்தில் மாதா பதக்கம், பார்த்தால் ஞாயிறு மறைக்கல்வி டீச்சர் என்றுதான் சொல்வீர்கள். பிழைப்பு, பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது. கொசப்பாளையத்தில் தணிகாசலத்தின் தறிக்கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அன்னம், மாங்காய், யாளி, ருத்திராட்சம் எல்லாவற்றையும் பொடிப்பொடிக் கட்டங்களாக நிரப்புகிறாள். அவள் நிரப்புகிற கட்டம் எதுவோ அதுதான் தறியில் ஜரிகையாக விழும். ஊரில் பாதிக் கல்யாணப் பெண்கள் அவள் வரைந்த அன்னத்தைத்தான் தோளில் சுமக்கிறார்கள். அந்த அன்னங்களுக்கு அவள் பெயர் தெரியாது.

ஆனால் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தெரியும். எட்டு வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு கார்ட்டூன் படம் எடுக்கிறாள் ஸ்டெஃபி. இருபத்தாறாம் தேதி சாயங்காலம், தறிக்கூடத்தின் பின்பக்கச் சுவரில் அது ஓடும். பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் மாதா கோயில் மைதானத்தில் சாக்கு ஓட்டப் பந்தயம். அதையும் அவளேதான் ஏற்பாடு செய்து, பரிசும் வாங்கி வைத்துவிடுகிறாள். அவளுடைய தாத்தா, கட்டம் போட்ட லுங்கி கட்டியவர், சிவப்பு பனியனுக்குள் அடங்காத தொப்பைக்காரர். வீட்டுக்கு வீடு கொடுக்கிற பிரியாணியை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். ஆகவே எல்லாப் படத்திலும் அவருக்கு ஒரே பிரச்சினைதான்; அது வயிற்றுக்குக் கீழே ஆரம்பிக்கும். சத்தமெல்லாம் அந்தக் கைபேசிப் பெட்டியிலிருந்து; குரல் கொடுப்பவன் அவள் கணவன் அன்பரசு. செய்யாறு கம்பெனியில் இராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கமில்லாத தொண்டையோடு அவன் முனகினால் தாத்தா அப்படியே இறங்கி வந்துவிடுவார்.

"பாலன் ஏசுவ நான் தொட மாட்டேங்க. மாதா, சூசையப்பர், மூணு ராஜா, யாரையும் தொட மாட்டேன். தாத்தா நம்ம ஆளு. அவர இன்னா வேணா பண்ணலாம்" என்பது அவள் சட்டம்.

முதல் படம் நாற்பது விநாடிதான். அப்பா தவறிப்போன வருஷம். அம்மா அந்தோணியம்மாள் மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். தாத்தா நம் ஊருக்கு வந்தால் புகைபோக்கிக்கு எங்கே போவார் என்று ஸ்டெஃபி யோசித்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்துகொண்டு அவர் ஒரு புதுமணத் தம்பதியின் கட்டிலில் விழுவதாக வரைந்து காட்டினாள். அந்தோணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்த முடியவில்லை. அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்புக்காகத்தான் ஸ்டெஃபி இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேறு காரணம் தேட வேண்டாம். ஒவ்வொரு இருபத்தேழாம் தேதியும் அந்தோணியம்மாள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விடுவார். "உன் மவ செஞ்சதுக்கு நீ ஏம்மா வர்ற?" என்று சாமியார் கேட்டாராம். "நான் சிரிச்சதுக்கு வந்தேன் சாமி" என்றாராம் இவர்.

போன டிசம்பரில்தான் வினை வந்தது. தாத்தாவையும் அவள் அன்னம் வரைகிற அதே கம்ப்யூட்டரில், அதே கட்டங்களில்தான் வரைவாள். கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. தாத்தா குந்தியிருக்கிற படம் ஒன்றை வரைந்து, அன்னத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஒரு கல்யாணப் புடவையின் பார்டரில் அன்னத்தை வரிசையாகப் பதிக்க வேண்டிய நேரத்தில், கணவனிடம் போனில் பேசியபடியே தாத்தாவைப் பதித்துவிட்டாள். பதித்ததைத் தறிக்கும் அனுப்பிவிட்டாள்.

நெசவாளர் பரசுராமன் மூன்று நாள் நெய்தார். நாலாம் நாள் முதலாளி தணிகாசலம் வழக்கம்போலக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்து குனிந்தார். அரக்குப் பட்டில், சுத்த ஜரிகையில், லுங்கியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் குந்தியிருந்தார்கள் நூற்றுக்கும் மேற்பட்ட கிறிஸ்துமஸ் தாத்தாக்கள்.

"இன்னா பரசுராமா இது?"

"நானும் பாத்தேன் மொதலாளி. அன்னம் இன்னாத்துக்கு இப்புடி குந்திகினு கீது, முட்ட போடுதான்னு. கம்ப்யூட்டர்ல வந்தா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

தணிகாசலம் சிரிக்காத மனிதர். கோபக்காரர் இல்லை, கூலி பாக்கி வைக்காதவர், யாரையும் அடா புடா என்று பேசாதவர். ஆனால் அவர் பல் எப்படி இருக்கும் என்று அந்தத் தறிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் சுவரைக் கொடுப்பார், படம் பார்க்க வரமாட்டார். அன்றைக்கு ஸ்டெஃபியைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்: "தப்பு எல்லாருக்கும் வரும்மா. வேல இருக்கட்டும். ஆனா இந்தப் பொம்ம இனிமே வேணாம். செவுரும் கெடையாது. இதோட வுட்டுரு."

திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். இவர் நியாயமாகப் பேசிவிட்டார், அதுதான் பேஜார். பதினோரு மாதம் சேர்த்த சத்தம், இராத்திரி ஷிஃப்ட் முடித்த புருஷனின் தொண்டை, இருபத்தாறாம் தேதிக்குப் புடவை எடுத்து வைத்திருக்கும் அம்மா, எல்லாம் ஒரே பேச்சில் போயிற்று.  ஆனால் ஸ்டெஃபியின் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"மொதலாளி, ஒரே ஒரு தபா நீங்க பாருங்க. பன்னெண்டு நிமிசம். உங்களுக்குச் சிரிப்பு வரலைன்னா உங்க கண்ணு முன்னாடியே மொத்தத்தையும் அழிச்சிடறேன். மாதா மேல சத்தியம்."

 தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நெசவாளர்கள் பூனைபோல வந்து வாசலில் குவிந்தார்கள். அவர்கள் திரையைப் பார்க்கவில்லை, முதலாளியின் பிடரியைப் பார்த்தார்கள்.

படத்தில் தாத்தா ஏழு வீட்டுப் பிரியாணியைத் தின்றுவிட்டு, வண்டி பழுதாகி, செய்யாறு போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார். பஸ் நடுவில் எங்கேயும் நிற்காது. வயிறு பேச ஆரம்பிக்கிறது. ஓட்டுநரின் காலைப் பிடிக்கிறார், ஜன்னலை அளக்கிறார், மெல்லத் திரும்பித் தன் பரிசு மூட்டையைப் பார்க்கிறார். மேற்கொண்டு நடப்பதை நான் எழுதினால் ஆசிரியர் எனக்கு அடுத்த தடவை பக்கம் தரமாட்டார். வாசலில் நின்ற பரசுராமன் முண்டாசை அவிழ்த்து வாய்க்குள் திணித்துக்கொண்டார் என்று மட்டும் சொல்கிறேன். தணிகாசலத்தின் பிடரி அசையவில்லை.

பன்னிரண்டு நிமிடம் முடிந்தது. 

"தப்பு" என்றார் தணிகாசலம்.

ஸ்டெஃபியின் கை அழிக்கிற பொத்தானுக்குப் போனது.

"லுங்கியச் சொல்றேன். அவுரு குந்தச் சொல்ல ஒவ்வொரு தபாவும் கரையில ஒரு கட்டம் காணாம பூடுது. நம்ம எடத்துல வேல செஞ்சிகினு இப்புடிப் போடலாமா? ஜல்தியா சரி பண்ணு."

"பண்றேன் மொதலாளி" என்றாள்.  "சிரிப்பு... வரலீங்களா?"

அவர் எழுந்தார். போய்விடுவார் என்று வாசலில் இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர் வாசலுக்குப் போகாமல் ஜன்னலுக்குப் போனார். "வெளிச்சம் அடிக்கிது. ஒண்ணும் செரியா தெரியல. மொதல்லேர்ந்து போடு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் கதவைச் சாத்தி, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி தாழ்ப்பாளைப் போட்டார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஆனால் அவர் திரும்பவில்லை. விழுந்த தாழ்ப்பாளையே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.