இரண்டு உறைகளில் ஒரு கடவுச்சொல்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு வைத்த பெயர் பூட்டம்மா. மாடியில், எப்போதும் குளிர்ந்து கிடக்கும் சின்ன அறையில் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்பதெல்லாம் அவள் கையில். பில் போடுகிறவருக்கு பில் மட்டும். மருந்து கொடுக்கிறவருக்கு மருந்துச்சீட்டு மட்டும். அதற்கு மேல் எள்ளளவும் கிடையாது.

எதிர்வீட்டுக்காரிக்கு என்ன வியாதி என்று மாமியார் தூண்டில் போடும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "நோயாளிங்க ஃபைலைத் திறக்க எனக்கே அனுமதி இல்ல அத்தை."

"அனுமதி குடுக்கிறவளுக்கே அனுமதி இல்லையாம்! யார் காதுல பூ சுத்துறா?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் அது உண்மை. வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஃபைலைத் திறக்கக்கூடியவர்கள் பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துவிட்டாள்.

போன மாதம் தலைமை நர்ஸ் வந்து நின்றாள். நர்ஸின் தங்கை இங்கேதான் வேறொரு வார்டில் பரிசோதனைக்குச் சேர்ந்திருந்தாள். "ரிசல்ட் என்னன்னு வாயே திறக்க மாட்டேங்கிறா. அஞ்சு நிமிஷம் எனக்குத் திறந்து விடேன்."

"தங்கச்சி சம்மதக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்க்கா."

அன்றிலிருந்து நர்ஸ் இவளைக் கண்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கும் அடி சறுக்கியது. ஒரு சாயங்காலம் பழைய அனுமதிகளைக் களையெடுத்தபோது, பலருக்குச் சேர்த்து அனுமதி தரும் குழுக்களில் ஒன்றை, யாருக்கும் உதவாதது என்று நினைத்து அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை எட்டரைக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். "பத்து மணிக்கு ஆபரேஷன். ரத்த ரிப்போர்ட் திறக்கல. லேப்லயும் திறக்கலையாம். ஒன்பதரைக்குள்ள வரலைன்னா டாக்டர் தள்ளி வச்சிடுவார்."

அழித்த குழுவின் வழியாகத்தான் அவர்களுக்கு அனுமதி போய்க்கொண்டிருந்தது. சரிசெய்ய உட்கார்ந்தாள். 'உங்களுக்கு இந்த அனுமதி இல்லை' என்றது திரை. அவளுடைய நிர்வாகி அனுமதியும் அதே குழுவோடு போயிருந்தது. உட்கார்ந்த கிளையைத் தானே வெட்டியாகிவிட்டது.

மிச்சமிருந்தது எல்லாவற்றையும் திறக்கும் முதன்மைக் கணக்கு ஒன்றுதான். அதன் கடவுச்சொல்லில் பாதி, ஒட்டிய உறையில் அவள் மேசைக்குள். மறுபாதி தலைமை நர்ஸின் அலமாரியில். தனியாக ஒருவர் திறக்கக் கூடாது என்பது அவளே வைத்த சட்டம்.

"வாம்மா. பூட்டுக்கே சாவி தொலைஞ்சு போச்சா?" என்றாள் நர்ஸ்.

"உறை வேணும்க்கா. ஒருத்தர் ராத்திரியிலிருந்து வெறும் வயித்தோட படுத்திருக்கார்."

நர்ஸ் உறையோடு ஒரு படிவத்தையும் எடுத்தாள். "நீ எழுதின சட்டம்தான். காரணம்ங்கிற இடத்தைக் காலியா விடக் கூடாது."

'என் தவறு. அழிக்கும் முன் சரிபார்க்கவில்லை' என்று எழுதினாள். நர்ஸ் அதை இரண்டு தடவை படித்தாள். கிண்டல் செய்ய ஏதோ வாயில் வந்தது போலிருந்தது. விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சர்வர் அறையில் இவள் தன் பாதியை அடித்து முடித்ததும், "திரும்பிக்கோ" என்றாள் நர்ஸ். பூட்டம்மா சுவரைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டும் சத்தம்.

கணக்கு திறந்தது. அழித்த குழுவைப் பூட்டம்மா மறுபடி உருவாக்கினாள். ஒன்பது இருபதுக்குத் தியேட்டரிலிருந்து, "வந்துடுச்சு" என்றார்கள்.

நர்ஸ் நகரவில்லை. "இப்ப எல்லாமே திறந்துதான் இருக்கு, இல்ல?"

"ஆமாக்கா."

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. இப்போதுதான் உதவி செய்தவளிடம் மறுபடி எப்படி முடியாது என்று சொல்வது? பூட்டம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மூடித் தொலை. அப்புறம் என் மனசு மாறிடும்" என்றாள் நர்ஸ்.

மூடினாள். புதிய கடவுச்சொல்லை ஆளுக்குப் பாதியாக எழுதி உறைகளை ஒட்டினார்கள். கதவுவரை போன நர்ஸ் திரும்பினாள். "அந்தச் சம்மதப் படிவம் இருக்கா?"

பூட்டம்மா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டா குடு. முதல்ல குடுக்கிறதைத் தங்கச்சி கிழிச்சுடுவா."