பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

என் தாய்மாமன் உதகை மலையில் வேலை பார்த்தார். சம்பளம் சர்க்கார் கொடுத்தாலும் அவருக்கு முதலாளி நிலாதான் என்று அப்பா கேலி செய்வார். அது எழுபதுகளின் தொடக்கம். மலைச்சரிவில் புதிதாக நிறுத்தியிருந்த பெரிய ரேடியோ தொலைநோக்கியில், கண்ணுக்கே தெரியாத தூரத்து விண்மீன் மண்டலங்களின் அலைகளைப் பிடிப்பது அவர்கள் வேலை.

லீவில் காஞ்சிபுரம் வந்திருந்தபோது ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் அதைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சில மண்டலங்களின் நடுவயிறு மட்டும் பயங்கரமாக எரிகிறதாம். அந்த இடம் எத்தனை சிறியது என்று அவர்கள் கருவியால் நேராக அளக்க முடியாதாம். நிலா குறுக்கே போகும்போது அலை சட்டென்று அறுந்தால் சின்னது, மெல்லத் தேய்ந்தால் பெரியது. காகிதத்தில் பேனா போடும் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். மண்டலங்களுக்கும் வயசு உண்டு, ஒரு பருவத்தில் இப்படி எரிந்துவிட்டு அடங்கிவிடும், ஆதியில் இப்படி எரிந்தவை இன்னும் அதிகம் என்றெல்லாம் சோறு ஆறுவது தெரியாமல் பேசினார்.

“இன்னிக்கு நாலு மணிக்குக்கூட நிலா ஒண்ண மறைக்குதுக்கா.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். சாப்பிடாமல் எழுந்துபோய்த் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டாள். உள்ளறை ஜன்னலைச் சாத்தி, இருட்டில் படுத்துக்கொண்டாள். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, “இதுல ஒண்ணும் போடலியே” என்றார். ஆனாலும் அன்று மத்தியானம் அவர் தறியில் உட்காரவில்லை.

மாமாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பா அவரைக் கூடத்தின் மூலைக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்து, பத்து நாள்கூடத் தங்காமல் போனான். அவன் வயிற்றில் இருந்தபோது, கிரகணம் பிடித்திருப்பதை மறந்து, தறியில் அறுந்த பாவு இழைகளை வெட்டி முடிச்சுப் போட அம்மாவைக் கூப்பிட்டவர் அப்பாதான். வெட்டியது அவள் கை என்பதால் பழி அவள்மேல் வந்தது. அத்தை அதை வருஷா வருஷம் சொல்லிக்காட்டத் தவறியதில்லை.

மாமா அறை வாசலில் போய் உட்கார்ந்தார். நான் அம்மாவின் காலடியில் இருந்தேன்.

“இது கிரகணம் இல்லக்கா.”

“மறைக்குதுன்னு நீதானடா சொன்னே?”

“நிலா தெனமும் எதையாவது மறைச்சிக்கினுதான் போவுது. நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல. இவ உன் வயித்துல இருந்தப்பவும் மறைச்சிது. நான் அம்மா வயித்துல இருந்தப்பவும் மறைச்சிது. எங்களுக்கு இன்னா ஆச்சு?”

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, “அப்போ அந்தப் புள்ள?” என்றாள்.

“அதுக்கும் நிலாவுக்கும் சம்பந்தமே இல்லக்கா. நீ வெட்டன நூலுக்கும் இல்ல. உன்மேல தப்பே இல்ல.”

“அப்போ எதனாலடா போச்சு?”

“அது எனக்குத் தெரியலக்கா” என்றார், மண்டலங்களின் வயசு சொல்லத் தெரிந்த மாமா. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அம்மாவை அழவைத்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

அழுது ஓய்ந்ததும், “மணி இன்னாடா?” என்று கேட்டாள்.

“நாலு ஆவப்போவுது.”

“கதவச் சாத்திக்கினு போ.”

மாமா முகம் வாடிப்போய்ச் சாத்திவிட்டுப் போனார். இத்தனை படித்தவர் சொல்லியும் அம்மா நம்பவில்லை என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன். என் மகளை நான் சுமந்த மாதங்களில்தான் தெரிந்தது, மாமா சொன்னதை அவள் முழுக்க நம்பியிருக்கிறாள். போன குழந்தையின் பழி தீர்ந்துபோன அதே நொடியில், வயிற்றிலிருக்கும் குழந்தையைக் காப்பாற்றத் இந்தச் சாத்திய கதவைத் தவிரத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்பதும் அவளுக்குப் புரிந்திருக்கிறது.