கூட்டம் முடிந்து எடுத்த படம்

சித்தூரில் எங்கள் சபைகளின் மாதர் சங்கம் ஒரு இல்லம் நடத்துகிறது. வேலை வாங்கித் தருகிறோம் என்று அழைத்துப் போய் விற்கப்பட்ட பெண்கள், போலீஸ் மீட்டுக் கொண்டுவந்த பிறகு, வழக்கு முடியும்வரை அல்லது வீட்டார் வந்து கூட்டிப் போகும்வரை அங்கே தங்குவார்கள். அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போவது என் வேலை. சேரும்போது, காலை ஜெபமும் சமையலும் தையல் வகுப்புமாக அமைதியாக ஓடுகிற இடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு நாள்கூட அப்படி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நகரியிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளுடைய அப்பா, அவள் பேச்சில் நைனா, கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். வயது இருபதைத் தாண்டியிருக்கும். அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடந்தபடியே சாப்பிடுவாள். தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தால் ஊசியில் நூல் கோப்பதற்குள் எழுந்து போய், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நடப்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூங்கினாள். எழுந்ததும் மறுபடி நடந்தாள். "உக்காந்தா அந்த ரூம்ல கீற மாரியே கீதுக்கா" என்று ஒரு முறை சொன்னாள். எந்த ரூம் என்று நான் கேட்கவில்லை.

அவளை அழைத்துப் போனது ஒரு பெண். உறவு எதுவும் கிடையாது, ஆனால் இவள் 'அத்தை' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். தறிக்கூடத்துத் தெருவுக்கு அடிக்கடி வந்து, வீடுகளில் உட்கார்ந்து பேசி, இவளுடைய அம்மா காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலை என்று கூட்டிப் போனாள். அந்த வேலை உண்மையாகவே கொஞ்ச காலம் இருந்தது. பிறகு, இதைவிட நல்ல வேலை, பெரிய துணிக்கடை என்று சொல்லி, திருப்பதியில் ரயிலேற்றி ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிக்கொண்டாள். அதற்கு மேல் நடந்ததை இவள் போலீசிடம் ஒரு தடவையும் மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தடவையும் சொல்லிவிட்டாள். நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த ஆள் பிடிபட்டான். அத்தை அகப்படவில்லை. அவள் சொன்ன பெயரும் பொய், ஊரும் பொய். போலீஸ் எழுதியதில் அவள் 'அடையாளம் தெரியாத பெண்' ஆனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் எங்கள் சங்கத்துப் பெண்கள் ஒரு வேன் பிடித்து எல்லையோர ஊர்களுக்குப் போவோம். எங்கள் போதகரின் மனைவிதான் சங்கத் தலைவி. எல்லோரும் அவரை அம்மா என்போம். தெரியாதவர்களை நம்பிப் பெண்பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள், போகிற இடத்தின் விலாசத்தை வாங்கிச் சரிபாருங்கள் என்று ஊர் ஊராகப் பேசுவார். நகரிப் பெண்ணும் எங்களோடு வர ஆரம்பித்தாள். மேடையில் பேசமாட்டேன், என்னைப் பற்றியும் யாரும் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பாய் விரிப்பாள், மைக் ஒயரை இழுத்துக் கட்டுவாள், பிறகு பின்னால் நின்றுகொண்டிருப்பாள். கூட்டம் முடிந்ததும் சங்கத்துக்காக நான் ஒரு படம் எடுப்பது வழக்கம். இல்லத்துப் பெண்கள் யாரும் படத்தில் விழக்கூடாது என்பது விதி. நான் போனைத் தூக்கினாலே அவளும் நகர்ந்துவிடுவாள்.

அப்படித்தான் பாலசமுத்திரம் தாண்டி ஒரு ஊருக்குப் போனோம். சுற்றிலும் மாந்தோப்பும் கரும்பும். பழைய தமிழ் சபை, கோயில் என்று நாங்கள் சொல்லும் சின்ன சர்ச், உள்ளே பெண்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பச்சைப் புடவை, மூக்குக் கண்ணாடி, மடியில் பாட்டுப் புத்தகம். ஆரம்பப் பாட்டை எடுத்துக் கொடுத்தது அவள்தான். நல்ல குரல். அம்மா பேசப் பேச வாக்கியத்துக்கு வாக்கியம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு ஆள் முன்னால் இருந்தால் பேசுகிறவருக்குத் தெம்பாக இருக்கும் என்று நான் நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடைசி ஜெபம் முடிந்து, வெளியே டீ ஊற்ற ஆரம்பித்தார்கள். நகரிப் பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, திரும்பாத. அந்தப் பச்சப் பொடவ. அவதான்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அம்மாவைத் தேடினேன்; அவர் தூரத்தில் சபைப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் அந்தப் பெண்ணே எங்களை நோக்கி வந்துவிட்டாள். கையில் இரண்டு டம்ளர் டீ. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு டம்ளரை இவளிடம் நீட்டினாள்.

"நல்லா கீறியாமா? ரொம்ப எளச்சிட்டியே" என்றாள்.

இவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நல்லா கீறேன் அத்த" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, குரல் கொஞ்சமும் மாறாமல், "அக்கா, ஃபோட்டோ எடுப்ப இல்ல? எடு" என்றாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டேன். பெண்கள் சிரித்துக்கொண்டே கோயில் படிகளில் வந்து நின்றார்கள். அத்தை மட்டும் எனக்கெதுக்கு ஃபோட்டோ, வேலை இருக்கிறது என்று பின்வாங்கினாள். இவள் போய் அவள் கையைப் பிடித்தாள். "வா அத்த, எம் பக்கத்துல நில்லு" என்று இழுத்து வந்து நடுவில் நிறுத்தி, தானும் அவளை உரசிக்கொண்டு நின்றாள். முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்தேன். இவள் அசையாமல் நின்றாள். உதட்டில் சிரிப்புகூட இருந்தது.

வேன் ஊரைத் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். கரும்புத் தோட்டத்தை ஒட்டி அவள் வேகமாக நடக்க, நான் பின்னால் ஓட, வேன் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. போகப் போக அழுதாள், வாந்தி எடுத்தாள், மறுபடி நடந்தாள். ஜன்னலருகே வந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தச் சபையில் அவருக்கு அந்தப் பெண்ணை வருஷக்கணக்காகத் தெரியும். அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். இருந்தும் டிரைவரிடம் வீட்டுக்கு வேண்டாம், ஸ்டேஷனுக்குப் போ என்றார்.

அங்கே நான் கொடுத்த படத்தை வைத்து அந்த வாரமே அத்தையைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தொல்லை ஆரம்பித்தது. அந்தக் கோயில் நிற்கிற இடம் அவள் குடும்பம் எழுதிக் கொடுத்தது. அந்தச் சபைப் பெரியவர்கள் இரண்டு ஜீப்பில் சித்தூருக்கு வந்தார்கள். நகரிப் பெண் ஆள் தெரியாமல் பேசுகிறாள் என்றார்கள்; பிறகு, தெரிந்தே பழிவாங்குகிறாள் என்றார்கள்; இந்துப் பெண்ணின் பேச்சைக் கேட்டுச் சபையை உடைக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். எங்கள் போதகர் கெட்டவர் அல்ல. பயந்துவிட்டார். எப்படியாவது இது கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தால் நல்லது என்று நினைத்தார். ஒரு மாலை இல்லத்துக்கு வந்து நகரிப் பெண்ணைக் கூப்பிட்டு, பகைவரை மன்னிப்பதைப் பற்றி மென்மையாகப் பேசினார். அவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அவங்கள எதனா பண்ணுங்கன்னு நான் கேக்கல. யாருன்னு போலீசு கேட்டாங்க. இவங்கதான்னு சொல்றேன். அதுல மன்னிக்கறதுக்கு இன்னா கீது?"

அவர் பைபிளை மூடிக்கொண்டு எழுந்தார். வீட்டில் அவருக்கும் அம்மாவுக்கும் பெரிய பேச்சு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. புது அறுவடையைப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு அந்தப் பக்கத்துச் சபைகளிலிருந்து இல்லத்துக்கு வரும் அரிசி அந்த வருஷம் வரவில்லை. அம்மா கடையில் வாங்கிப் போட்டார்.

எனக்கும் ஒரு கோளாறு வந்தது. ஜெபத்தில் கண்ணை மூட முடியவில்லை. எல்லோரும் தலை குனிந்திருக்கும்போது நான் மட்டும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவள் யார், இவள் எந்தத் தெருவுக்குப் போய்வருகிறாள், பண்டிகைக்கு இவள் வீட்டில் வந்து தங்கிய பெண் யார்? பொல்லாதவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் என்று எத்தனை காலம் ஜெபித்திருப்பேன். அந்த வெளிச்சம் எங்கள் வரிசையிலேயே விழும் என்று நினைத்ததில்லை. போதகரிடம் இதைச் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்திவிட்டேன்.

வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்தது. நாங்கள் காலையிலேயே போய் கோர்ட்டு வளாகத்தில் மரத்தடியில் காத்திருப்போம். அவள் நடந்துகொண்டிருப்பாள். எதிரில் அத்தையின் உறவினர்கள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த முகங்கள், ஒன்றாகப் பாட்டுப் பாடிய முகங்கள். நீதிபதி வரவில்லை, வக்கீல் வரவில்லை என்று திரும்பி வருவோம். ஒவ்வொரு முறையும் அம்மா கூடவே வந்தார். ஒரு முறை போதகரும் வந்தார். எங்களோடு நின்றார், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நகரிப் பெண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய அன்று கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார்கள். துணைக்கு என்னை உள்ளே விட்டார்கள். தெலுங்கில் கேள்வி கேட்டார்கள். அவள் பள்ளியில் படித்ததே தெலுங்குதான். ஆனால் இதைச் சொல்ல வந்தபோது தமிழ்தான் வந்தது. அரசு வக்கீல் அதைத் தெலுங்கில் எடுத்துச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படத்தைக் காட்டினார். இவ்வளவு பெரிய கொடுமை செய்தவள் என்கிறாய், அவள் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாயே, பயந்த பெண் இப்படி நிற்பாளா என்று கேட்டார்.

"பயமாத்தான் இருந்திச்சி" என்றாள். "மூஞ்சி தெளிவா வுழணும்னு நின்னேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்தபோது கேட்டருகில் அவள் நைனா நின்றிருந்தார். அதுவரை ஒரு முறைகூட இல்லத்துக்கு வராதவர். சின்ன மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், அதனால் வரமுடியாது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் கையில் ஒரு பொட்டலம். "துன்னியாமா?" என்று மட்டும் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். இருவரும் கேட்டுக்கு வெளியே போய் நின்று பொட்டலத்திலிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். பிறகு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அவளைக் கூப்பிடவில்லை. அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை.

தீர்ப்பில் அந்த ஆளுக்கும் அத்தைக்கும் தண்டனை கிடைத்தது. அத்தை மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்துவிட்டாள். போன மாதம் புத்தூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். தோத்திரம் என்று வணக்கம் சொல்லி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். பழைய சபைக்கே போகிறாளாம், பாட்டும் அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாளாம். நான் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.

நகரிப் பெண் இல்லத்தை விட்டுப் போய்விட்டாள். திருச்சானூரில் தாயார் கோயில் அருகே ஒரு வளையல் கடையில் நிற்கிறாள். அந்த ஊர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். அந்தத் தெருவெல்லாம் எனக்குத் தெரியும், அங்கேதான் இருப்பேன் என்றாள். காலையில் தாயாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறாள். அதைப் பற்றிச் சங்கத்தில் முணுமுணுப்பு உண்டு. அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை. போன வாரம் பார்க்கப் போனேன். நான் போன நேரம் கடைக்காரர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். வளையல் வாங்க வருகிற சின்னப் பெண்களிடம் எந்த ஊர், கூட வந்தது யார், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கிறாளாம். முன்பு ஒரு முறை அவள் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. போலீஸ் வந்து, ஒரு பெண் ரயிலேறாமல் வீடு திரும்பினாள். ஆனால் அன்று காலையில் அவள் கேட்டது பெற்ற தாயையும் மகளையும். அந்தத் தாய் அழுதுவிட்டாளாம்.

"எனக்கே ஒரு மாரி ஆயிட்சிக்கா" என்றாள். "அவங்க கால்ல வுழாத கொறயா மன்னிப்புக் கேட்டேன்."

இனிமேல் கேட்கமாட்டாயா என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஒரு நடுவயதுப் பெண்ணும், பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணும் இறங்கி, கடைப் பக்கம் பார்த்தார்கள். அவள் என்னை விட்டுவிட்டு, வளையல் வரிசையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.